பதினாலாவது அத்தியாயத்தில் ஓர் ஆண்குரல்

கிறிஸ்டினா கதை படித்துப் பதிவு செய்வது உள்ளறை பீரோவில். கதவு இரண்டையும் திறந்துவைத்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நிற்பாள். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் வேறு எங்கே மைக்கை வைத்தாலும் கன்டெய்னர் லாரியின் ஹாரனும் கூட்ஸ் வண்டியின் கடகடப்பும் கதைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். புடவைகள் அந்தச் சத்தத்தை முக்கால்வாசி குடித்துவிடும். மிச்சத்தை அவள் கம்ப்யூட்டரில் வெட்டி எடுப்பாள்.

அவள் படித்தது ‘சங்குத் தீவு’. டிவியில் ஓடிக்கொண்டிருந்த சரித்திர சீரியல் அது. இளவரசியைக் கப்பலில் ஏற்றியதோடு பாதியில் நிறுத்திவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கோபம் தாங்காமல் மிச்சக் கதையைத் தாங்களே எழுதி ஒரு செயலியில் போட ஆரம்பித்தார்கள். அவர்களில் வியாசர்பாடி மெஹ்னாஸ் எழுதியதுதான் கிறிஸ்டினாவுக்குப் பிடித்தது. பேசும்போது பச்சை மெட்ராஸ் பாஷை பேசுகிற அந்தப் பெண், எழுதும்போது மட்டும் செந்தமிழில் விளாசுவாள். “நான் படிச்சுப் போடட்டுமா?” என்று கிறிஸ்டினா கேட்டதும், “தாராளமா படிக்கா, எனுக்கும் கேக்கணும்னு ஆசையா கீது” என்றாள். அப்படித் தொடங்கியது. காசு கிடையாது. அவளுடைய சேனலில் கேட்பவர்கள் எண்ணூறு, ஆயிரம் பேர். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் மத்தியான ஷிப்டில் லாரி நம்பர் பதிகிற வேலைக்குப் போவதற்கு முன், காலை நேரத்தில் இளவரசியாகவும் தளபதியாகவும் மாறுவது அவளுக்கு வேண்டியிருந்தது.

கணவன் ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்; விடிவதற்குள் கிளம்பிவிடுவான். மாமியார் சிலுவையம்மாள் சர்ச்சில் காலைப் பூசை பார்த்துவிட்டு, அப்படியே காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டில் மிச்சம் இருப்பவர் மாமனார் லியோனார்ட் மட்டும்தான். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரால் பதிவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவர் பேசமாட்டார்.

ஒரு காலத்தில் அந்தத் தெருவிலேயே பெரிய குரல் அவருடையது. துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இறக்குகிற வின்ச் ஓட்டியவர். கப்பலின் வயிற்றுக்குள் நிற்கிற ஆளுக்கு மேலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் பக்கத்துக் கப்பல்காரனும் திரும்பிப் பார்ப்பானாம். அவ்வளவு பெரிய வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கூட வேலை செய்கிறவன் வாய் தவறிவிட்டால், “போய் வாயக் கயுவிகினு வா” என்று அனுப்பிவிடுவாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் அடித்தது. கையும் காலும் பாதி திரும்பின, பேச்சு திரும்பவில்லை. அப்போது ஃப்ரெடியும் கிறிஸ்டினாவும் எண்ணூரில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டைக் காலி செய்துவிட்டு இவர்கள் ராயபுரம் வந்து சேர்ந்தபோது சிலுவையம்மாள் சொன்னாள்: “டாக்டராண்ட இட்டுகினு போனேன். பேச்சு வராதுன்ட்டாரு. சும்மா அவரப் போட்டுப் படுத்தாதீங்க.” அதற்குப் பிறகு யாரும் அவரைப் படுத்தவில்லை.

பதினாலாவது அத்தியாயம் பதிவாகிக்கொண்டிருந்தபோது கீழே தண்ணி லாரி வந்துவிட்டது. இரண்டு நாளாக வராத லாரி. கிறிஸ்டினா புடவைகளுக்குள்ளிருந்து தலையை உருவி, குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பதிவை நிறுத்த மறந்துபோனாள். வரிசையில் ஒரு சண்டை. குடங்களை மேலே ஏற்ற மூன்று நடை. மூச்சிரைக்க வந்து, விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தாள்.

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டி ஒட்ட உட்கார்ந்தாள். பேச்சு இருக்கிற இடத்தில் திரையில் அலை மலைமலையாக எழும். ஒன்றும் இல்லாத இடத்தில் கோடு படுத்துக்கிடக்கும். தண்ணிக்குப் போன நேரத்தை மொத்தமாகத் தேர்ந்து அழிக்கப் போனவள் கையை நிறுத்தினாள். அங்கே கோடு படுத்திருக்கவில்லை. சின்னச் சின்னக் குன்றுகள் வரிசையாக நின்றன.

லாரி சத்தமாக இருக்கும் என்று நினைத்து ஓடவிட்டாள்.

முதலில் கேட்டது அவளுடைய குரலேதான். எங்கேயோ தூரத்தில், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பன்னிரண்டாவது அத்தியாயத்தில் தளபதி பேசுகிற இடம்: “விளக்குகளை அணையுங்கள். இருளிலேயே அவர்கள் கரையைத் தேடட்டும்.” அதன்மேல் இன்னொரு குரல். ஓர் ஆணின் குரல். கனத்து, இழுத்து இழுத்து, எழுத்துகள் பாதி வழுக்கி, ஆனால் ஒரு சொல்லும் விடாமல், “விளக்குகளை... அணையுங்கள்... இருளிலேயே...”

கிறிஸ்டினா ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள், போட்டிருந்தது. நேற்று தண்ணிக்கு ஓடும்போது கதவைச் சாத்தவில்லை. எவனோ வீட்டுக்குள் வந்திருக்கிறான். வந்தவன் ஒன்றையும் தொடாமல், நின்று அவள் கதையைக் கூடவே சொல்லிவிட்டா போனான்? பீரோ, உண்டியல், மாமியாரின் தோடு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி மெஹ்னாஸுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“அக்கா, யார்க்கா அது? குரலு அள்ளுது! தளபதின்னா அது தளபதி. எங்க புட்ச்ச?”

“தெர்லடி. என் வூட்டுக்குள்ள பேசிகீறான். யாருன்னே தெர்ல.”

“இன்னாக்கா சொல்ற? மெர்சலாக்காத. வூட்ல யாரு இருந்தா?”

“மாமா மட்டும்தான்...” என்று சொல்லும்போதே கிறிஸ்டினா முன்னறைப் பக்கம் திரும்பினாள்.

போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். லியோனார்ட் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில். வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. மடியில் ஃப்ரெடி கொடுத்த பழைய போன். அதில் அவர் புட்பால் பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கிறிஸ்டினா குனிந்து அதன் திரையைத் தொட்டாள். அவளுடைய சேனல் திறந்திருந்தது. பன்னிரண்டாவது அத்தியாயம்.

“மாமா... நீங்களா பேசினீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. உதடு இரண்டையும் உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று முழுக்க யார்டில் அவள் பதிந்த லாரி நம்பர்களில் பாதி தப்பு. ஃப்ரெடியிடம் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. ஒரு தடவை, அதுவும் பாதி இரைச்சலில் கேட்டதை வைத்துக்கொண்டு, அப்பா பேசுகிறார் என்று எப்படிச் சொல்வது? இல்லையென்று ஆகிவிட்டால் அவன் தாங்குவானா? மறுநாள் காலை, அவளுக்கே கூசினாலும், மைக்கை முன்னறை அலமாரியில் ரேடியோவுக்குப் பின்னால் வைத்துப் பதிவைப் போட்டாள். “மாமா, கடைக்குப் போய்ட்டு வர்றேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கீழே போய் மாடிப்படியடியில் நின்றாள்.

திரும்பி வந்து, உள்ளறையில் உட்கார்ந்து கேட்டாள். சந்தேகமே இல்லை. அவர்தான். அவளுடைய குரல் ஒரு வரி சொல்ல, பின்னாலேயே ஏறி அவரும் சொல்கிறார். முதல் தடவை தடுமாறிய சொல்லைப் போனில் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி சொல்கிறார். மறுபடி. மறுபடி. கிறிஸ்டினாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை நாளாக இது நடக்கிறது?

பதிவில் அந்த இடத்தில் அவருடைய போனுக்கு ஏதோ அழைப்பு வந்து கதை நின்றது. லியோனார்டின் குரல் மட்டும் தனியாக இன்னும் ஒரு சொல் போயிற்று. பிறகு அந்த வார்த்தை வந்தது.

கஸ்மாலம், பேமானி எல்லாம் அந்தத் தெருவில் வசவுக் கணக்கிலேயே சேராது. இது அந்த மாதிரி இல்லை. தாயைச் சொல்லித் திட்டுகிற, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை. ஒரு தடவை அல்ல. தெளிவாக, துளி குழறல் இல்லாமல், அதே வார்த்தை, அடுக்கடுக்காக. அதன் முடிவில் கையால் நாற்காலியைக் குத்துகிற சத்தம். அதற்கப்புறம் அழுகை.

கிறிஸ்டினா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். இந்த மனுஷனா? வாயைக் கழுவிக்கொண்டு வரச் சொன்ன மனுஷனா? யாரைத் திட்டுகிறார்? தினம் சோறு ஊட்டி, முகம் துடைத்து, சட்டை மாட்டிவிடுகிற தன்னையா? இரண்டு வருஷமாக மனசுக்குள் இந்த வார்த்தையையா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்?

சிலுவையம்மாள் மீன் கூடையோடு உள்ளே வந்தபோது மருமகள் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். “இன்னாடி, மூஞ்சி இப்டிக் கீது? ஜொரமா?”

கிறிஸ்டினா ஹெட்போன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவிவிட்டு, சத்தமாக ஓடவிட்டாள். முதல் வரி கேட்டதும் சிலுவையம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தை வந்ததும் பாய்ந்து வந்து கம்ப்யூட்டரின் மூடியை அறைந்து சாத்தினாள்.

“யார்ரீ உன்ன இதெல்லாம் புடிக்கச் சொன்னது? பெத்தவங்கள வேவு பாக்குறியா?”

“அத்த... மாமா பேசுறாரு. உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லியே!”

சிலுவையம்மாள் மீன் கூடையை எடுக்கக் குனிந்தாள்.

“தெரியுமா? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். இன்னா இப்ப?” அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. “ஆஸ்பத்திரிலருந்து வந்த மறுநாளு சர்ச்சு சாமியார் நன்மை அப்பம் குடுக்க வந்தாரு. பக்கத்து வூட்டு ஜனமெல்லாம் முட்டி போட்டுகினு கீது. இந்த மனுசன் வாயத் தொறந்தாரு. ஆமென்னு சொல்லுவாருன்னு பாத்தா, சாமியார் மூஞ்சிக்கு நேரா அத்தச் சொன்னாரு! ஜனத்துக்கு வெளங்கறதுக்குள்ள நான் வாயப் பொத்தினேன். இந்தக் கையாலதான் பொத்தினேன். இனிமே வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவரும் தொறக்கல.”

“பேச்சு வராதுன்னு டாக்டர் சொன்னாருன்னீங்களே...”

“இட்டுகினு போனாத்தான சொல்லுவாரு!”

முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. லியோனார்டுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

“பேச்சு வரலன்னா பாவம்னு சொல்லுவாங்க, அந்த வார்த்த வந்தா இன்னாடி சொல்லுவாங்க?” சிலுவையம்மாள் இப்போது மெதுவாகக் கேட்டாள். “ஊரே மரியாத குடுத்த ஆளுடி அவரு. அந்த மரியாதய நான் காப்பாத்திவச்சேன். நீ வந்து ரெக்கார்டு பண்ணிகினு கீற.”

கூடையை எடுத்துக்கொண்டு போய் மீனைக் கழுவ ஆரம்பித்தாள். குழாயைத் திறந்தவள் அதை மூடவே இல்லை. தண்ணீர் வழிந்தது.

சாயங்காலம் ஃப்ரெடி வந்ததும் கிறிஸ்டினா அவன் காதில் ஹெட்போனை மாட்டினாள். அன்று வேலைக்கு அவள் போகவில்லை. அவன் நின்றபடியே கேட்டான். பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். மறுபடி ஓட்டச் சொன்னான். மறுபடி. அந்த வார்த்தை வந்தபோதும் அவன் முகம் மாறவில்லை. அது எந்த வார்த்தை என்பதே அவனுக்கு உறைக்கவில்லை போலிருந்தது. அம்மா சொன்னதை கிறிஸ்டினா சொன்னபோது மட்டும் நிமிர்ந்து அடுப்படிப் பக்கம் பார்த்தான். சிலுவையம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

எழுந்து முன்னறைக்குப் போய் அப்பாவின் முன்னால் குந்தினான். “நைனா. பேசு நைனா. எதுனா சொல்லு.”

லியோனார்ட் தலையை ஆட்டி மறுத்தார்.

“இன்னா வந்தாலும் பரவால்ல. சொல்லு.”

அவர் வாய் திறந்தது. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு எதையோ தேடினார். கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது அதே வார்த்தைதான், முழுப் பழைய குரலில். ஃப்ரெடி ஒரு கணம் அறை வாங்கியவன் மாதிரி இருந்தான். பிறகு அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். கிறிஸ்டினா முதலில் அவன் சிரிக்கிறானோ என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரமாட்டேன் என்று சொன்ன சிலுவையம்மாள் கடைசி நிமிஷத்தில் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அமான் என்பவர் பதிவை முழுசாகக் கேட்டார். அந்த வார்த்தை வந்த இடத்தில் அவர் கொஞ்சமும் அசையாதது சிலுவையம்மாளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

“இது நெறைய பேருக்கு வரும்மா,” என்றார் அமான். “யோசிச்சு சொல்லைத் தேடி எடுக்கிற இடம் அடிபட்டிருக்கு. திட்டு, பாட்டு, மனப்பாடமான வரி இதெல்லாம் மூளையில வேற இடத்துல கிடக்கும், அது தப்பிச்சிருக்கு. இவர் தண்ணின்னு சொல்ல வாயெடுப்பாரு. எது முன்னாடி நிக்குதோ அது வந்துடும். அவர் யாரையும் திட்டல. அந்த வார்த்தைக்கு அவர் வாயில அர்த்தமே கிடையாது.”

“ஆயுசுல சொன்னதே இல்லியே, சார்,” என்றான் ஃப்ரெடி.

“காதுல விழுந்திருக்கும்ல? துறைமுகத்துல விழாமலா இருக்கும்? இன்னொருத்தர்கூடச் சேர்ந்து சொன்னா வருதுன்னு அவரே கண்டுபிடிச்சிருக்காரு பாருங்க. நாங்க சொல்லித் தர்றதே அதைத்தான்.” அமான் சிலுவையம்மாள் பக்கம் திரும்பினார். “வீட்டுல தினமும் எல்லாரும் சேர்ந்து சொல்ற மாதிரி ஏதாவது இருக்காம்மா? பாட்டு? ஜெபம்? ரொம்ப வருஷமா அவர் சொல்லிப் பழகினது?”

தினமும் சாயங்காலம் செபமாலை சொல்கிற வீடு அது. அந்த நேரத்தில் சிலுவையம்மாள் கணவரைக் கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக என்றுதான் கிறிஸ்டினா நினைத்திருந்தாள். ஜெபத்துக்கு நடுவில் அந்த வார்த்தை வந்துவிடும் என்ற பயம் என்பது இப்போது புரிந்தது.

சிலுவையம்மாள் தன் கையைப் பார்த்தாள். “கூடவே சொல்லியிருந்தா...” என்று தொடங்கினாள். முடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கணவரை உள்ளறைக்கு அழைத்துப் போகவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். பக்கத்தில் முழங்காலிட்டு செபமாலையை எடுத்தாள். ஃப்ரெடியும் கிறிஸ்டினாவும் பின்னால் நின்றார்கள்.

மணிக்கு ஒன்றாகச் சொல்கிற பிரியதத்த ஜெபத்தில் முதலாவதை அவள் தனியாகத்தான் சொன்னாள். இரண்டாவதில் லியோனார்டின் உதடுகள் அசைந்தன. மூன்றாவதில் குரல் வந்தது. கதைக்கு வந்த மாதிரி இழுத்து வழுக்கி அல்ல. அறுபது வருஷம் தினம் சொன்ன ஜெபம், ஆணி அடித்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது. சுவர் அதிர்ந்தது. கீழ் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

சொல்லிக்கொண்டிருந்த சிலுவையம்மாள் நடுவிலேயே நிறுத்தி அவரைப் பார்த்தாள். துணைக்குக் குரல் இல்லாமல் லியோனார்ட் ஒரு சொல் தனியே போனார். தடுமாறினார். மாதா படத்துக்கு நேராக அந்த வார்த்தை வெடித்தது.

கிறிஸ்டினா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அடுத்த நொடியே மாமியாரின் குரல் கேட்டது. விட்ட இடத்திலிருந்து, தொண்டை கிழிய, அவள் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டாள். அவரும் கூட ஏறிக்கொண்டார். கண்ணீர் அவள் மூக்கிலும் வாயிலும் வழிந்தது; துடைக்கக்கூட நிற்கவில்லை. நின்றால் அவர் விழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிகள் முடியும்வரை அப்படியே போனார்கள்.

இப்போது வாரம் ஒரு தடவை அமானிடம் போகிறார்கள். ‘வா’, ‘போதும்’ இரண்டும் தானாக வருகின்றன. அந்த வார்த்தையும் வரத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டு ஜனங்களிடம் சிலுவையம்மாளே போய், “அவுரு உங்கள ஒண்ணும் சொல்லல, மூள அப்டிக் கீது” என்று விளக்கிவிட்டாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அவளோடு சிலுவையம்மாளுக்கு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பதினாலாவது அத்தியாயத்தை கிறிஸ்டினா அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தாள். இந்தத் தடவை பீரோவுக்கு முன்னால் இரண்டு நாற்காலி. தளபதி பேசுகிற இடமெல்லாம் அவளும் மாமனாரும் சேர்ந்து சொன்னார்கள். வழி தவறி வந்ததை வெட்டி எடுக்க ஒரு காலைப் பொழுது முழுக்க ஆயிற்று. பதிவேற்றியதும், “அந்த ரெட்டைக் குரல் எஃபெக்ட் எந்த ஆப்பில் செய்தீர்கள்?” என்று நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள்.

மெஹ்னாஸ் போன் செய்தாள். கிறிஸ்டினா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, ஒரு பேஜாராப் பூட்ச்சு. இவ்ளோ ஷோக்கா பேசுற உன் மாமா மெய்யாலுமே படிக்க வருவாருன்னு தெர்யாம, அடுத்த அத்தியாயத்துல தளபதிய நான் கடல்ல தள்ளி சாவடிச்சிட்டேன். நேத்தே எழுதிப் போட்டுட்டேன். ஜனங்கல்லாம் அய்துகினு கீது. இப்ப இன்னா பண்றது?”

கிறிஸ்டினா மாமனாரைப் பார்த்தாள். அவர் போனையே முறைத்துக்கொண்டிருந்தார். வாய் எதையோ தேடியது.

“வா,” என்றார் லியோனார்ட் தளபதியின் குரலில். “வா!”

மெஹ்னாஸ், “சரி நைனா,” என்றாள். “கரைக்கு இட்டுகினு வர்றேன்.”